அடுப்புக்கு மேல் இருந்த கோதுமை

“வரும்போது ஒரு கிலோ கோதும கொண்டாடி. மாவு இல்ல, முழுக் கோதும” என்று லெட்சுமி அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அது மட்டும் முடியாதுக்கா. விதைய அனுமதியில்லாம வேற நாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. நோய் போகும், பூச்சி போகும்.”

“ஒரு கிலோவுலயா போகும்?”

“ஒரு விதையிலயே போகும்.”

“சரி விடு. என்கிட்ட இருக்கறதப் போட்டுக்கறேன்” என்று வைத்துவிட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்க்காத அக்கா என்னிடம் கேட்ட ஒரே பொருள் அது. முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் இலங்கைக்குக் கிளம்பினேன்.

குன்னூரில் ஒரு விதைச் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கோதுமை என் பொறுப்பு. விதை எத்தனை பருமன், நூறு விதையில் எத்தனை முளைக்கிறது, முளைத்தது எவ்வளவு சுறுசுறுப்பாக மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுகிறது என்று பார்த்து எழுதுவேன். ஆனால் நான் பிறந்தது இரத்தினபுரிக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பதினோரு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனேன். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. கல்யாணமாகி, புருஷன் வீட்டுக் காகிதங்களோடு சேர்ந்து, இலங்கைக்காரி ஆகிவிட்டிருந்தாள். மறுபடி பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இலங்கையில் போர் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், அப்பா போனார். மூன்று வருடம் முன்பு அம்மா போனதை அக்கா கைபேசித் திரையில்தான் பார்த்தாள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!” என்று நடத்துனர் கத்தினார். முன்னால் போங்கள் என்று மனதுக்குள் தானாகவே அர்த்தம் வந்துவிட்டது. சிங்களம் முழுக்க மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். எங்கோ அடியில் கிடந்திருக்கிறது.

அவிசாவளை தாண்டியதும் மழை. இரத்தினபுரி மழையைப் பற்றிக் குன்னூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அங்கே மழை சாரலாக வந்து நாள் முழுக்க நசநசக்கும். இங்கே ஒரே கொட்டு. அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் வைப்பர் நின்றுபோனது. நடத்துனர் கதவில் தொங்கியபடி ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நாலு வளைவு வந்தார். ஐந்தாவது வளைவில் ஓட்டுநர் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்திவிட்டு, மழை விட்டால்தான் போவேன் என்று இறங்கிவிட்டார்.

யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் இறங்கி இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தோம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மாணிக்கக் குழியில் வேலை செய்பவர்கள். அவர்கள் சிங்களத்தில் பேசியது இது:

“நேற்று குழியில் என்ன கிடைத்தது?”

“தண்ணீர்.”

“அதற்கு முந்தின நாள்?”

“அதுவும் தண்ணீர். ஆனால் நேற்றையது கொஞ்சம் தெளிவு.”

அவர்களோடு நானும் சிரித்தேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி கைப்பையிலிருந்து உப்பும் மிளகாயும் பிசிறிய புளிப்பான வெரளுக் காய்களை எடுத்து நீட்டினாள். ஒன்றைக் கடித்ததும் பல் கூசியது. பள்ளிக்கூடத்து வாசல் ஞாபகம் வந்தது, அங்கே அதே காயைக் காகிதச் சுருளில் கட்டி விற்பார்கள்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் அக்கா குடையோடு நின்றாள். கைபேசியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். கட்டிப் பிடிக்கலாமா என்று எனக்குத் தயக்கம். அவள் என் தலையைத் தொட்டு, “நனஞ்சிட்டியேடி” என்று தன் முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான்.

மேலே ஏறுமுன் கடைவீதிக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். “அதான் வீட்டுல இருக்குன்னேன்ல” என்று அக்கா முணுமுணுத்தபடி வந்தாள். மூன்றாவது கடையில் முழுக் கோதுமை இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர்.

“சாப்பிடவா, முளைக்கப் போடவா?” என்றார்.

“முளைக்கப் போட, நானா” என்றேன், முஸ்லிம் அண்ணன்மார்களை அங்கே கூப்பிடும் வழக்கப்படி.

“அப்ப இத எடுக்காதீங்க, பழசு” என்று முன்னாலிருந்த மூட்டையை விட்டுவிட்டு உள்ளே போய் வேறொரு மூட்டையிலிருந்து அள்ளி வந்தார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். மணிகள் ஒரே சீராக, கனமாக, முளை இருக்கும் முனை உடையாமல் இருந்தன. ஒரு கிலோ வாங்கினேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோட்டத்துக்குப் போகும் மூன்று சக்கர வண்டி பாதி வழியில் சேற்றில் புதைந்தது. மீதியை நடந்தோம். நான் பிறந்த லயம், பத்துக் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருந்த அந்த நீளக் கட்டடம், அப்படியே இருந்தது. கூரை மட்டும் புதுத் தகரம். வாசலில் நின்ற பெண்கள், “இந்தியாக்கார அக்கா வந்துட்டாங்க” என்றார்கள். குன்னூரில் இன்றைக்கும் எங்கள் வீட்டைச் சிலோன்காரர் வீடு என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

இரவுச் சாப்பாடு ரொட்டியும், மிளகாய் அரைத்த கட்டச் சம்பலும். கோதுமை மாவில் தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்து, தட்டித் தகரக் கல்லில் சுட்ட தடி ரொட்டி. காலையில் மலைக்குப் போகும்போதும் அதுதான், திரும்பி வந்தாலும் அதுதான். இங்கே எல்லோரும் கோதுமையில் வளர்ந்தவர்கள். ஆனால் கோதுமைச் செடியை வயலில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரிச் சட்டியில் எட்டு நாள் நிற்கும் அந்த வெளுத்த நாற்றுதான் அவர்கள் கண்ட கோதுமை. நானும் முதலில் கண்டது அதைத்தான்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயங்களுக்கான முளைப்பாரியை இருபது வருடமாக அவள்தான் வளர்க்கிறாள். போன இரண்டு வருடமும் சரியாக வரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுந்து, எழுந்ததும் சாய்ந்துவிட்டது. முதல் தடவை அப்படி ஆன வருடம், திருவிழா முடிந்து பத்தாம் நாள், ரெண்டு கதவு தள்ளியிருக்கும் பாக்கியத்தின் மகன் ரப்பர் மலையில் இடி விழுந்து செத்துப்போனான். இருபத்தாறு வயது.

“எழவு வீட்டுல எல்லார் முன்னாலயும் என்னப் பாத்துக் கேட்டா. ‘ஒன் மொளையும் வரல, எம் மகனும் போயிட்டான், என்னாடி செஞ்ச?’ன்னு. அதுக்கப்புறம் அவ வாசல நான் மிதிக்கல. அவளும் எங்கூடப் பேசல. ஒரே பீலியில தண்ணி புடிக்கிறோம், ஒரு வார்த்த இல்ல.”

“கோயில்காரங்க என்ன சொல்றாங்க?”

“இந்த வருசமும் வரலேன்னா வேற கைக்கு மாத்துறோம்னு தலைவர் சொல்லிட்டாரு.”

அடுப்புக்கு மேலே பலகையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவள் வைத்திருந்த விதையில் மிச்சம் அதில்தான். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வேலை செய்த மருமகன் ஐந்து வருடம் முன்பு அரை மூட்டை கொண்டுவந்து போட்டிருக்கிறான். வண்டு வராமல் இருக்க அடுப்புப் புகையில் வைத்தாளாம். திறந்து பார்த்தேன். வண்டு இல்லை. நிறம் மங்கி, தவிட்டு மணியாக இருந்தது.

“நாலு நாள் குடுக்கா. போட்டுப் பாத்துச் சொல்றேன்.”

பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நனைத்தேன். டின்னிலிருந்து நூறு மணி, கடை விதையில் நூறு மணி. பத்துப் பத்தாக வரிசை வைத்து, சுருட்டி, வாழை இலையில் பொதிந்து மூலையில் நிறுத்தினேன். சோதனைக் கூடத்தில் இதற்குக் குளிர்ப்பெட்டி உண்டு, தனித் தாள் உண்டு. இங்கே வேட்டி போதும் என்றிருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்குத்தான் சம்பளம் தர்றாங்களா ஒனக்கு?” என்றாள்.

அந்த நாலு நாளும் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் என் தூளி தொங்கிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருந்தன. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்து மாமரத்தைக் காணோம். பிற்பகலில் தவறாமல் மேகம் கூடும். முதல் இடி கேட்டதும் லயமே பேச்சை நிறுத்திவிடும். குழந்தைகளைக்கூட அதட்டாமல் சைகையால் உள்ளே கூப்பிடுவார்கள். பாக்கியத்தின் கதவு சாத்திக்கொள்ளும். மழை தொடங்கிய பிறகுதான் மறுபடி குரல்கள் எழும்.

நாலாம் நாள் காலை துணிகளை விரித்தேன். கடை விதையில் நாலைந்தைத் தவிர எல்லாம் முளைத்து, வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. டின் விதையில் பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் நேராக நின்றது நாலு. மற்றவை வேர் விட்டு முளை விடாமல், அல்லது முளை விட்டுச் சுருண்டு. மிச்சமெல்லாம் ஊறி நொதித்துப் பூசணம் பிடித்திருந்தன.

அக்கா குனிந்து, ஒரு விரலால் அந்த மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

“இதெல்லாம் செத்த விதையா?”

“ஆமாக்கா. புதுசுல நல்லா இருந்திருக்கும். சூட்டுலயும் ஈரத்துலயும் இருந்து இருந்து மொதல்ல வீரியம் போகும். மொளைக்கும், ஆனா எழுந்து நிக்கத் தெம்பு இருக்காது. அப்புறம் மொளைக்கவே மொளைக்காது.”

“அப்ப மொத தடவ சாஞ்சிச்சே, அப்பவே...”

“அப்பவே.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் கையில் குற்றமில்லை என்று ஆயிற்றே. ஆனால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “பத்திரமா வைக்கிறேன்னு நாந்தான் சாகடிச்சிருக்கேன்” என்றாள். என் வேலையில் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். அந்த விதையை வைத்திருந்தவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே நான் ஒரு அசட்டுக் காரியம் செய்தேன். இரண்டு துணிகளையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நேராகப் பாக்கியத்தின் வாசலுக்குப் போனேன். விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைப்பு.

பாக்கியம் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னாள். நான் துணியை விரித்து, விதை, சூடு, ஈரம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் துணியைப் பார்க்கவே இல்லை. நான் நிறுத்தியதும் சொன்னாள்:

“இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இடி எங்க விழணும்னு கோதுமையா சொல்லும்?”

நான் துணியை மடித்தேன். அவளே தொடர்ந்தாள்:

“அன்னைக்கி யாருகிட்டயாவது கேக்கணும் போல இருந்திச்சுங்க. சாமிகிட்ட கேட்டேன், வாயத் தெறக்கல. தொரைகிட்ட கேக்க முடியாது. ஒங்க அக்கா பக்கத்துல நின்னா, எங்கையப் புடிச்சிக்கிட்டு. அவகிட்ட கேட்டுட்டேன்.”

“அப்ப ஏன் இத்தன நாளாப் பேசல?”

“என்னான்னு பேச? அத்தன பேரு முன்னால சொன்னத எப்பிடித் திருப்பி எடுக்கறது?”

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் கை நின்றது. “நானும்தான் போகல” என்றாள். “புள்ளையப் பறிகுடுத்தவ. நாலு தடவ திட்டினாலும் நான் போயிருக்கணும்.” ஆனால் அன்றும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ரெண்டு கதவுதான் தூரம்.

காப்புக் கட்டிய நாளில் விதைத்தோம். கோயிலை ஒட்டிய சின்னக் காம்பராவில், ஜன்னலைச் சாக்கால் மறைத்து, ஐந்து மண் சட்டி. சலித்த மாட்டெருவும் மணலும். குளித்துவிட்டு அக்காவும் நானும் மட்டும் உள்ளே போகலாம். ஊர்வலம் வரும்வரை வேறு யாரும் பார்க்கக் கூடாது. நாலு சட்டியில் அக்கா தன் வழக்கப்படி விதையை நெருக்கமாகத் தூவி, மேலே எருவை ஒரு மெல்லிய போர்வையாக மட்டும் போட்டாள். ஐந்தாவதை நான் செய்தேன். நன்றாக வேர்பிடித்து நிற்கட்டும் என்று இரண்டு விரல் ஆழத்தில்.

“அவ்ளோ கீழ போட்டா எப்பிடிடி மூச்சு விடும்?”

“வயல்ல அப்பிடித்தான் போடுவாங்க.”

மூன்றாம் நாள் நாலு சட்டியிலும் ஊசி ஊசியாக வெள்ளை முனைகள். என் சட்டி மொட்டை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உண்மையில் எனக்கு வெட்கமாகப் போனது. இப்போது வரும் குட்டை ரகக் கோதுமைகளில் முதல் இலையைப் பொதிந்து மேலே தள்ளிக்கொண்டுபோகும் உறை குட்டையானது. ஆழத்தில் போட்டால் மண்ணுக்கு மேலே வருமுன்பே நீளம் தீர்ந்துவிடும். வருடம் முழுக்க அதை அளந்து அளந்து எழுதுகிறவள் நான். கடையில் வாங்கியது என்ன ரகம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஐந்தாம் நாள் இரவோடு இரவாகக் கொஞ்சம் எருவை மேலிருந்து வழித்துவிட்டேன். ஆறாம் நாள் அரைகுறையாக எழுந்தன. “ஒன் சட்டிய நீயே தூக்கு. வரிசைல கடைசியா வா” என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் மாலை கதவைத் திறந்தார்கள். தலைவர் முதலில் எட்டிப் பார்த்தார். நாலு சட்டியிலும் ஒரு சாண் உயரத்துக்கு, இளமஞ்சளில், ஒன்றுகூடச் சாயாமல் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வெளியே குலவைச் சத்தம் எழுந்தது.

தப்பு மேளம் முன்னால் போக, லயத்து வாசல்கள் வழியாக ஊர்வலம் இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீரோடு ஒரு பெண் நின்று, சட்டி சுமப்பவர்களின் காலில் ஊற்றுவாள். பாக்கியத்தின் கதவு போன வருடம் இந்த நாளில் திறக்கவில்லை. அன்றும் சாத்தியிருந்தது.

முதல் சட்டியோடு போன அக்கா அந்த வாசலில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். “அக்கா, போங்க, போங்க!” என்று குரல்கள். தப்படிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. தலையில் சட்டி. இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன. கதவைத் தட்டக்கூட முடியாது.

“பாக்கியம்” என்று கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரக்க, “பாக்கியம், கால் காஞ்சு நிக்கிறேன்டி.”

தப்பு நின்றது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். கதவு திறந்தது. மஞ்சள் கரைக்க நேரமில்லை, பாக்கியத்தின் கையில் சும்மா குடிதண்ணீர்ச் செம்புதான். குனிந்து அக்காவின் காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிராமல் அந்தப் பாதங்களைக் கையால் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். அக்காவின் கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

கடைசியில் பாக்கியம் எழுந்து, தன் முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தாள். “போ. பாத்துப் போ, படியெல்லாம் பாசி” என்றாள். தப்பு மறுபடி தொடங்கியது. கடைசியாக வந்த என் அரைகுறைச் சட்டியைப் பார்த்து, “இது யாரு போட்டது?” என்று கேட்டாள். நான் என்று சொன்னேன். மிச்சத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள்.

ஓடையில் முளைகளைக் கரைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்குத் திரும்பினார்கள். பொங்கலும் சுண்டலும் கொடுக்கும் அறிவிப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. அக்கா மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளை மறுநாள் எனக்குப் பயணம்.

“அம்மா கடைசி நாள்ல என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களாடி?” என்றாள். மூன்று வருடமாகத் தொலைபேசியில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இதை அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கேட்டார்கள். கடைசி ஒரு வாரம் என்னையே லெட்சுமி என்று நினைத்து, எப்போது வந்தாய், சாப்பிட்டாயா, பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தாய் என்று ஓயாமல் கேட்டார்கள். நான் திருத்தவில்லை. இப்போதுதான் வந்தேன் அம்மா, சாப்பிட்டேன் அம்மா என்று அவள் பெயரில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதை அக்காவிடம் சொன்னேன். அவள் கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

“சாப்பிட்டேன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“நல்லது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கோயிலில் பந்தி தொடங்கியிருந்தது. பாக்கியம் நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.